ரிச்மண்ட் நகரத்துக் காசுப் பாங்கி

நம் சங்கத்து அன்பர்களிற் பலர் ஏலச்சீட்டும் மகமையும் நன்கறிந்தவர். பொதுப்பணம் எவ்வாறு சேரும், எவ்வாறு கரையும் என்பதையும் கண்கூடாகக் கண்டவர். ஆதலின் இத்திங்கள் யாம் எழுதப் புகுந்த பொருள் அன்னிய நாட்டதாயினும் அவர்கட்கு அன்னியமாய்த் தோன்றாதென்று நம்புகின்றோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்ட். அந்நகரத்தில் துணி வெளுத்தும், பிறர் வீடுகளில் ஊழியஞ் செய்தும், புகையிலைச் சாலைகளில் உழைத்தும் வயிறு வளர்த்த கறுப்பின மாதர், தம் சில்லறைக் காசுகளைக் கொண்டு 1903-ஆம் ஆண்டில் ஒரு பாங்கி கண்டனர். அம்மக்களுக்கென அந்நகரத்தில் அதற்கு முன்னும் அக்காலத்தும் தோன்றிய வேறு பெரும் பாங்கிகள் வீழ்ந்தன. இஃது ஒன்று நூறாண்டு நின்றது. நின்றதன் காரணம் யாது என்பதே ஈண்டு எம் ஆராய்ச்சி.

முதற்கண், அம்மக்கள் பாங்கி என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது என்பதைச் சொல்லல் வேண்டும். 1865-ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை வழக்கம் ஒழிந்தபோது, ஏறக்குறைய நாற்பது இலட்சம் மக்கள் விடுதலை எய்தினர். விடுதலை எய்தினரேயன்றி நிலமோ முதலோ எய்தினரல்லர். அவர்கள் ஈட்டும் கூலியைச் சேமித்து வைத்தற்கென்று அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் காங்கிரஸ் சபையின் சட்டத்தால் 'விடுதலை பெற்றோர் சேமிப்புப் பாங்கி' ஒன்று நிறுவப்பட்டது. பல நகரங்களில் அதன் கிளைகள் எழுந்தன. ரிச்மண்டிலும் ஒன்று எழுந்தது. அரசாங்கமே அப்பணத்துக்குப் பொறுப்பென்று எளியோர் நம்பினர். அங்ஙனம் நம்புமாறு பாங்கியின் ஊழியர் சிலரும் பேசினர். சட்டத்திலோ அத்தகைய பொறுப்பு யாதும் இல்லை. 1870-இல் அச்சட்டம் தளர்த்தப்பட்டபின், நிர்வாகிகளுட் சிலர் தமக்கு வேண்டியவர்களின் துணிகரத் தொழில்களுக்கு அப்பணத்தைக் கடனாக வழங்கினர். 1873-இல் நாடெங்கும் பணமுடை தோன்றிற்று; 1874 ஜூன் திங்களில் பாங்கி கதவடைத்தது. இறுதி நாட்களில் அதன் தலைவராக அமர்த்தப்பட்டவர், தாமும் அடிமையாய்ப் பிறந்து பெரும்புகழ் பெற்ற ஃபிரெடெரிக் டக்ளஸ் என்னும் பெரியார். அவர் தம் சொந்தப் பொருளினின்று 10,000 டாலர் கொடுத்துப் பார்த்தும் அது தேறவில்லை. பணம் இட்டிருந்தோர் 61,144 பேர். அவர்க்குச் சேரவேண்டியது ஏறக்குறைய முப்பது இலட்சம் டாலர். சிலர் சிறிது பெற்றனர். பலர் ஒன்றும் பெற்றிலர். வெள்ளத்திற் போன பணத்தைக்கூட விதியென்று மறப்பர்; நம்பிக் கொடுத்து இழந்த பணத்தைப் பேரப்பிள்ளைகளும் மறவார்.

ஆயினும் நோயும் சாவும் பாங்கியின் செய்தி கேட்டு நின்றுவிடுவன அல்ல. இன்ஷியூரன்ஸ் கம்பெனிகளுட் பல கறுப்பினத்தாரை ஏற்க மறுத்தன. ஏற்றனவும் அதே தவணைக்குக் குறைந்த தொகையே தந்தன. ஆகவே அம்மக்கள் தமக்குள்ளேயே சிறு சபைகள் அமைத்துக்கொண்டனர். வாரந்தோறும் சில காசு கொடுத்தால், நோயுற்றபோது கைச்செலவுக்கும், இறந்தபோது நல்லடக்கத்துக்கும் அச்சபை பொறுப்பாகும். நம்மூர்ச் சாவுச் சீட்டை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

அத்தகைய சபைகளுள் ரிச்மண்டில் முதலிற் பெரிதாய் ஓங்கியது 'உண்மைச் சீர்திருத்தக்காரர் சபை' என்பது. அதன் தலைவர் வில்லியம் வாஷிங்டன் பிரவுன், ஜார்ஜியா நாட்டில் அடிமையாய்ப் பிறந்தவர். வர்ஜீனியாவின் உட்பகுதி ஒன்றில் அச்சபையின் கிளையினர் தம் பணத்தை வெள்ளையர் ஒருவரின் கடையில் வைத்துப் பாதுகாக்கச் சொல்லியிருந்தனர். கறுப்பினத்தார் இவ்வளவு பணம் சேர்க்கின்றனரா என்று கடைக்காரர் தம் இனத்தார்க்கு அறிவிக்க, அவ்வூரில் சபையே கலைய நேர்ந்தது. தம் பணம் தம்மவரிடமே இருத்தல் வேண்டுமென்று பிரவுன் துணிந்தது அதன்பின்னரே என்பர். 1888-இல் உரிமைப்பத்திரம் பெற்று 1889-இல் அச்சபையின் பாங்கி திறக்கப்பட்டது. அமெரிக்காவில் கறுப்பினத்தார் தாமே நடாத்த உரிமைப்பத்திரம் பெற்ற முதற் பாங்கி அதுவே. சபை மேன்மேலும் வளர்ந்து, உணவு விடுதியும், கடைகளும், முதியோர் இல்லமும், செய்தித்தாளும் கண்டது. அதன் முடிவைப் பின்னர்க் காண்போம்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட சபைக்கு வருவோம். 1867-இல் பால்டிமோர் நகரத்தில் மேரி ஆன் பிரௌட் என்னும் ஆசிரியை, மாதர்க்கென ஒரு நோயுதவிச் சபையைத் தொடங்கினார். லூக்கா என்னும் அடியாரின் பெயரை அதற்கு இட்டு 'செயிண்ட் லூக் சபை' என வழங்கினர். லூக்கா மருத்துவராய் இருந்தவர் என்பது கிறித்தவர் கொள்கையாதலின், நோயாளரைப் பேணும் சபைக்கு அப்பெயர் பொருந்துவதே. பின்னர் ஆடவரும் அதிற் சேர்ந்தனர். ரிச்மண்டுக் கிளை பிரிந்து தனித்து இயங்கலாயிற்று. பிரிந்த கிளை முப்பதாண்டு நடந்தது. நடந்ததே தவிர வளர்ந்திலது. 1899-இல் அதன் பொக்கிஷத்தில் இருந்தது 31 டாலர் 61 சென்ட். கொடுக்கவேண்டிய கடனோ 400 டாலர். அந்நிலையில் காரியதரிசிப் பொறுப்பு மேகி லீனா வாக்கர் என்னும் அம்மையாரிடம் வந்தது. சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர். முன்னிருந்த ஆடவர் பெற்றதில் மூன்றிலொரு கூறு. மூழ்கும் கப்பலைப் பெண்பாலார்க்கு ஒப்புவித்தல் எந்நாட்டுக்கும் பொதுவான வழக்கம் போலும்.

அம்மையார் 1864-இல் அந்நகரத்திலேயே பிறந்தவர். அன்னையார் அடிமையாய் இருந்தவர். தாயை மணந்து குடும்பத்தைத் தாங்கிய வில்லியம் மிட்சல் என்பார் 1876-இல் ஆற்றில் இறந்து கிடந்தார். அதன்பின் தாய் பிறர் துணிகளை வாங்கி வெளுத்துக் குடும்பத்தை நடத்தினார். பள்ளிச் சிறுமியாய் இருந்த மேகி, துணிக்கூடையைச் சுமந்து வெள்ளையர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வருவார். பதினான்காம் வயதில் லூக் சபையிற் சேர்ந்தார். 1883-இல் ஆசிரியப் பயிற்சி முடித்து மூன்றாண்டு பள்ளியிற் கற்பித்தார். 1886-இல் மணம் நிகழவே, மணமான மாதர் ஆசிரியராய் இருத்தல் கூடாதென்னும் விதியால் அத்தொழிலை இழந்தார். எம்மைப் போன்ற பள்ளி ஆசிரியர் இதனைப் படிக்கையில் ஒருவாறு வருந்தவே செய்வோம். பள்ளி இழந்ததைச் சபை பெற்றது. அவ்வளவே யாம் சொல்லக்கூடியது.

1901-ஆம் ஆண்டுச் சபைக் கூட்டத்தில் அம்மையார் மூன்று காரியங்களை வேண்டினார். சபைக்கென ஒரு செய்தித்தாள், ஒரு பாங்கி, மாதர் தொழில் செய்தற்கு ஒரு சாலை அல்லது கடை என்பன அவை. செய்தித்தாள் அடுத்த ஆண்டே 'செயிண்ட் லூக் ஹெரால்டு' என்னும் பெயருடன் வெளிவந்தது. பாங்கியில் அவர் விரைந்திலர். வெள்ளையர் நடாத்திய பாங்கி ஒன்றில் இசைவு பெற்று, சில திங்கள் வாரந்தோறும் சில மணிநேரம் அமர்ந்து கணக்கும் கடனும் நடைபெறுமாற்றைக் கற்றார். முப்பத்தொன்பது வயதடைந்த, ஒரு சபைக்குக் காரியதரிசியாகிய அம்மையார், தம் இனத்தாரைச் சமமாய் மதியாத ஓரிடத்தில் மாணாக்கராய் அமர்ந்தார் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம்மவருள் நிதி தொடங்குவோர் பலர். தொடங்குமுன் கற்போர் எத்துணையர்?

1903 நவம்பர் 2-ஆம் நாள் 'செயிண்ட் லூக் காசுச் சேமிப்புப் பாங்கி' சபையின் மண்டபத்திலேயே திறக்கப்பட்டது. அமெரிக்காவில் பாங்கி ஒன்றை நிறுவித் தலைமை தாங்கிய முதற் கறுப்பின மாது வாக்கர் அம்மையாரே. பெயரிற் 'காசு' என்றது வெறும் அலங்காரம் அன்று. ஒரு டாலர்க்கு நூறு சென்ட். ஒரு சென்ட்டையே அவர்கள் 'பென்னி' என்பர். முதல்நாளில் முந்நூற்றுக்குச் சற்றுக் குறைந்தோர் வந்து 8,000 டாலர்க்கு மேல் இட்டனர். அவருள் ஒருவர் இட்டது 31 சென்ட். அச்சில்லறையையும் வாங்கி வரவு வைத்தனர். சிறுவர்க்குச் சிறு உண்டியல்கள் வழங்கி, சேர்த்துக்கொண்டு வருமாறு பழக்கினர். பாங்கியின் நிர்வாக சபையில் மாதரும் அமர்ந்தனர். சபையின் அலுவலகத்தில் எழுத்தர்களாய் அமர்த்தப்பட்டோரும் பெரும்பாலும் மாதரே. கறுப்பின மங்கை எழுதுகோல் பிடித்து மேசைமுன் அமரும் வேலை அக்காலத்து அந்நகரத்தில் வேறெங்கும் எளிதிற் கிடைப்பதன்று.

அம்மையார் பிற்காலத்திற் சொல்லி மகிழ்ந்த செய்தி ஒன்றுண்டு. ஒற்றைக்கால் உடையவரும் தெருவில் காலணிக்கு மெருகிடுபவருமான ஒருவர் பாங்கியில் சிறுகச் சிறுகச் சேர்த்து வந்தார். சிறுதொகை சேர்ந்ததும், தொழிலுக்கு ஓரிடம் வாடகைக்குப் பிடிக்கப் பாங்கி உதவிற்று. சில ஆண்டுகளில் அவர் சொந்த வீடும் வாங்கினார். வேறெந்தப் பாங்கியிலும் அவர் வாயிலைக் கடந்து உட்புகுதலே அரிது. 1920-க்குள் இப்பாங்கியின் கடனுதவியால் ஏறக்குறைய 600 வீடுகள் அம்மக்களுக்குச் சொந்தமாயின. இத்தொகை யாம் மேலே கூறிய வேறெந்த எண்ணினும் பெரிதென்று கருதுகின்றோம். என்னை? கடன் கொடுத்தது யாருக்கு என்பதே ஒரு நிதியின் குணத்தைக் காட்டும். விடுதலை பெற்றோர் பாங்கி ஏழைகளிடம் வாங்கிச் செல்வர்க்குக் கொடுத்தது. இது யாரிடம் வாங்கிற்றோ அவர்க்கே கொடுத்தது.

அக்காலத்து அந்நகரத்தின் நிலையையும் சிறிது சொல்லிச் செல்வோம். 1902-இல் வகுக்கப்பட்ட வர்ஜீனியாவின் அரசியற் சட்டம், தலைவரி முதலிய தடைகளால் கறுப்பினத்தாருட் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தது. 1904-இல் ரிச்மண்டு டிராம் வண்டிகளில் இனம் பிரித்து அமர்த்த ஏற்பாடாயிற்று. பத்திரிகாசிரியர் ஜான் மிட்சலும் வாக்கர் அம்மையாரும் தம்மவரை வண்டியேறாது நடக்குமாறு வேண்ட, மக்கள் நடந்தனர். முன்னரே கடனில் இருந்த டிராம் கம்பெனி அவ்வாண்டே நொடித்தது. எனினும் 1906-இல் மாநிலச் சட்டமே அப்பிரிவினையைக் கட்டாயமாக்கிற்று. வாக்கில்லார்க்குக் காசின் வலிமை ஓரளவே செல்லும் என்பதற்கு இது சான்று.

கடையின் வரலாறும் அத்தகையதே. 1905-இல் நகரத்தின் பெரிய வணிக வீதியாகிய பிராடு வீதியில் 'செயிண்ட் லூக் எம்போரியம்' என்னும் பலசரக்குத் துணிக்கடை திறக்கப்பட்டது. வெள்ளையர் கடைகளில் கறுப்பின மாதர் உடையை உடுத்துப் பார்த்து வாங்கவும் இடமில்லை. விற்பனை வேலையிற் சேரவும் வழியில்லை. இக்கடையில் இரண்டுக்கும் வழி பிறந்தது. வெள்ளை வணிகரோ வாளாவிருந்திலர். கடை திறவாதிருக்கப் பெருந்தொகை தருவதாக முதலில் ஆசை காட்டினர். அது பலியாமை கண்டு தமக்குள் ஒரு சங்கம் அமைத்து, இக்கடைக்குச் சரக்கனுப்பும் மொத்த வியாபாரிகளை அச்சுறுத்தினர். அஃதும் தாங்கத் தக்கதே. தாங்கொணாதது மற்றொன்று: தம்மவரே தம் கடைக்குப் போதிய அளவு வரவில்லை. சற்று மலிவென்றும், வெள்ளையர் கடைச் சரக்கே மேலென்றும் எண்ணிப் பலர் பழைய கடைகளையே நாடினர். 1906-இல் அம்மையார் ஆடவர்க்கென்றே ஒரு கூட்டங் கூட்டி இதனைக் கடிந்து பேசினார். தம் மாதர்க்கு நற்றொழில் இல்லையே என்று வருந்தும் ஆடவர், அத்தொழிலைத் தரும் கடையின் வாயிலை மிதியாதது ஏன் என்பதே அவர் பேச்சின் சாரம். பேச்சைக் கேட்டோர் கைதட்டினர் போலும். கடை 1911-இல் மூடப்பட்டது.

இவ்விடத்தில் எம் அன்பர் ஒருவர், 'சமூகப் பற்றை நம்பிக் கடை வைத்தல் தகாது என்பதுதானே முடிவு' என வினவினார். அஃது அத்துணை எளிதன்று. பாங்கியும் சமூகப் பற்றை நம்பியே எழுந்தது. வேற்றுமை எங்கெனில், பாங்கி செய்த உதவியை அம்மக்களுக்கு வேறு யாரும் செய்ய முன்வந்திலர். துணி விற்போர் அவ்வீதியெங்கும் இருந்தனர். பிறர் புறக்கணித்த தேவையைத் தேடிப் பிடித்த நிறுவனம் நிலைத்தது. பிறரோடு போட்டியிட நேர்ந்தது, முதல் சிறிதாகவும் பகை பெரிதாகவும் இருந்தமையின் தளர்ந்தது. அம்மாதரின் முயற்சியிற் குறைகாணல் நேர்மையன்று.

இனி, முன்னர் நிறுத்திவைத்த சீர்திருத்தக்காரர் சபையின் முடிவு. பிரவுன் 1897-இல் காலமானார். அவர்க்குப் பின் வந்தோர் காலத்தில், பாங்கிப் பணம் அச்சபையின் விடுதிக்கும் கடைக்கும் பிற தொழில்களுக்கும் போதிய ஈடின்றிக் கடனாகப் போயிற்று. ஒரு கை மற்றொரு கைக்குக் கொடுத்ததாகலின் கேட்பாரில்லை. அதன்மேற் பாங்கிக்குள்ளேயே கையாடலும் நிகழ்ந்தது. 1910-இல் அப்பாங்கி வீழ்ந்தது. சபையும் உடன் சரிந்தது. இவ்வீழ்ச்சியின்பின் வர்ஜீனியா அரசு பாங்கிகளைச் சோதிக்க அதிகாரிகளை ஏற்படுத்தி, சபைகள் நடாத்தும் பாங்கிகள் சபையினின்று பிரிந்து தனித்து நிற்றல் வேண்டுமென்று வற்புறுத்திற்று. லூக் பாங்கியும் பிரிந்து 'செயிண்ட் லூக் பாங்கி அண்டு டிரஸ்டு கம்பெனி' ஆயிற்று. சபையின் கணக்கு வேறு, பாங்கியின் கணக்கு வேறு என்றாயின. கறுப்பினத்தாரின் நன்மை கருதாத ஓர் அரசு செய்த கண்டிப்பு இது. எனினும் அதற்கு உட்பட்டு நின்றமையால் பாங்கி பிழைத்தது என்பதே எம் துணிபு. ஜான் மிட்சல் நிறுவிய மற்றொரு பாங்கி 1922-இல் வீழ்ந்தபோதும் இது அசைந்திலது.

இதனை யாம் இவ்வளவு விரித்ததற்குக் காரணமுண்டு. பொதுச் சபையொன்றின் தலைவர்க்குத் தம் சபைக்குரிய நிதியினின்று எடுத்து நற்காரியம் செய்தல் குற்றமாய்த் தோன்றாது. பள்ளிக்குத்தானே, மண்டபத்துக்குத்தானே, இரண்டும் நம்முடையவைதாமே என்பர். சீர்திருத்தக்காரர் கட்டிய முதியோர் இல்லமும் நற்காரியமே. ஆயின் அதற்குப் போன பணம் ஒரு துணி வெளுப்பவள் தன் சாவுச் செலவுக்கென்று ஒப்புவித்த பணம். அவளைக் கேளாது அவளுக்கு நன்மை செய்யப் புகுந்தனர். அவள் இருந்ததையும் இழந்தாள். நம் பக்கத்துச் சங்கங்கள் சிலவற்றின் ஆண்டறிக்கைகளில் நிதிக் கணக்கும் கட்டடக் கணக்கும் ஒரே பக்கத்திற் கலந்து கிடப்பதை யாம் கண்டதுண்டு. அவற்றின் பெயரை எழுதுதல் இவ்வேட்டுக்கு அழகன்று.

அம்மையாரின் பிற்காலம் துன்பம் மிக்கது. 1915-இல் இரவில் வீட்டுள் கள்வன் புகுந்தானென்று மயங்கி மகன் சுட்ட குண்டு, தந்தையையே வீழ்த்திற்று. வழக்கு நடந்தது, மகன் குற்றமற்றவன் என விடுவிக்கப்பட்டான். முன்னரே அடிபட்டிருந்த முழங்கால் நாளடைவில் நலிந்து, 1928 அளவில் அம்மையார் சக்கர நாற்காலியின்றி இயங்கல் இயலாதாயிற்று. எனினும் அலுவலை விட்டாரில்லை. அவர் பொறுப்பேற்ற இருபத்தைந்து ஆண்டுகளில் சபை இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களிற் பரவியிருந்தது.

1929-இல் உலகெங்கும் வணிகம் நொடித்தபோது, தனித்து நின்றால் வீழ்வோம் என்பதை அவர் காலத்தே உணர்ந்தார். 1930 தொடக்கத்தில் லூக் பாங்கியும் அந்நகரத்துக் கறுப்பினத்தாரின் மற்றொரு பாங்கியும் ஒன்றாயின. அடுத்த ஆண்டு மூன்றாவது ஒன்றும் உடன் சேர்ந்தது. 'கன்சாலிடேட்டட் பாங்கி அண்டு டிரஸ்டு' என்னும் புதுப்பெயர் ஏற்பட்டது. தாம் வளர்த்த பாங்கியின் பெயர் மறைவதை அம்மையார் பொருட்படுத்தாது, புதியதன் நிர்வாக சபைக்குத் தலைமை பூண்டார். பெயரின்பொருட்டு ஒன்றுசேர மறுத்துத் தனித்தனியே அழிந்த சங்கங்களை அறிந்தோர்க்கு இச்செயலின் அருமை விளங்கும்.

அவர் 1934 டிசம்பர் 15-ஆம் நாள் காலமானார். பாங்கி 2005-ஆம் ஆண்டுவரை கறுப்பினத்தார் கையில் நின்றது. இடையறாது அவ்வாறு நின்ற பாங்கிகளுள் நாட்டிலேயே பழமையானது எனப் போற்றப்பட்டது. அவ்வாண்டு வாஷிங்டன் நகரத்துக் கம்பெனியொன்று அதனை வாங்கிற்று. பின்னும் ஒருமுறை கைமாறி, 2011-இல் பெயரும் மாறிற்று. லே வீதியில் அம்மையார் வாழ்ந்த வீடு 1978 முதல் தேசிய வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்படுகின்றது. 2017-இல் நகரத்தார் அவர்க்கு வெண்கலச் சிலை நாட்டினர். அச்சிலை நிற்பது, எம்போரியம் இருந்து மூடப்பட்ட அதே பிராடு வீதியில்.